அடுப்பெரியும் வேளையும் உணவின் பெயரும்

காலை உணவைக் குறிக்க எல்லோருக்கும் பொதுவான ஒரே சொல் தமிழில் வழக்கில் இல்லை என்பதும், ஊரும் தெருவும் குடும்பமும் மாறும்போது அதன் பெயரும் மாறுகிறது என்பதும் காரைக்காலைக் கவனிப்போருக்கு எளிதில் விளங்கும். 1739இல் பிரெஞ்சுக்காரர் வசம் வந்து, இடையில் ஆங்கிலேயர் பிடியில் இருந்த சில காலம் நீங்கலாக 1954 நவம்பர் 1 வரை அவர்கள் ஆட்சியிலேயே இருந்த இச்சிறு நிலப்பகுதியில், நெல்வயலும் துறைமுகமும் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே அமைந்திருப்பதால், சோற்றுக்கு வழங்கும் சொற்களும் அருகருகே வாழ்கின்றன.

காரைக்கால், நாகூர்ப் பகுதி முஸ்லிம் குடும்பங்களில் காலை உணவு உண்பது 'பசியாறுதல்' எனப்படும். ஆறுதல் என்பது சூடும் புண்ணும் சினமும் தணிவதைக் குறிக்கும் சொல்லாதலால், இரவெல்லாம் வெறுவயிறாக இருந்ததால் எழுந்த பசி தணிவதையே அந்த வேளையின் பெயராக்கிய நுட்பம் இதில் தெரிகிறது. இதற்கு நெருங்கிய கருத்து பிரெஞ்சு மொழியிலும் உண்டு. நோன்பை முடித்தல் என்னும் பொருளில் பிறந்த 'தெஜெனே' முதலில் காலை உணவையே குறித்தது. பாரிஸ் நகரத்தார் உண்ணும் நேரம் தள்ளிப்போகப் போக அது நண்பகல் உணவின் பெயராகிவிட, காலை உணவு 'சிறிய தெஜெனே' ஆயிற்று. பெல்ஜியத்திலும் கனடாவின் கியூபெக்கிலும் பழைய பொருள் இன்றும் நிலைத்திருக்கிறது.

வயல்வேலை செய்த குடும்பங்களில் வழங்கிய பெயர் வேறு. பகல் முழுதும் நட்டும் அறுத்தும் கூலிநெல் பெற்று வீடு திரும்பிய பின்னரே அங்கு அடுப்பு எரிந்ததால், சுடுசோறு என்பது இரவு உணவாகவே இருந்தது. மீந்த சோற்றில் நீரூற்றி வைத்து, மறுநாள் விடியலில் உப்பிட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தையோ பச்சை மிளகாயையோ கடித்துக்கொண்டு உண்பது 'பழையது'. அதன் மேல் தெளிந்து நிற்கும் புளித்த நீர் 'நீராகாரம்'. பழையது என்பது பண்டத்தின் பெயர் மட்டுமன்று, வேளையின் பெயருமாகும். அடுப்பு எப்போது எரிந்தது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் பெயர் வேறொன்றில்லை.

'பலகாரம்' என்பது கனியுணவு எனப் பொருள்படும் வடசொல்லின் திரிபு. அமாவாசை, ஏகாதசி போன்ற நாள்களில் சோற்றை விலக்கும் குடும்பங்களில் அன்றிரவு உண்ணும் இட்லியும் உப்புமாவும் பலகாரம் எனப்பட, மற்ற வீடுகளிலோ அச்சொல் தீபாவளி முறுக்கையும் அதிரசத்தையும் நினைவூட்டுகிறது. இந்திய ஆங்கிலேயர் வீடுகளில் பகல் சிற்றுணவைக் குறித்த 'டிபன்', தமிழரிடம் வந்து காலைக்கும் மாலைக்கும் உரியதாயிற்று.

காரைக்காலோடு சிறப்பாகத் தொடர்புடைய சொல்லாக 'அமுது' என்பதைக் கூறலாம். காரைக்கால் அம்மையார் வரலாற்றைப் பாடும் பெரியபுராணத்தில், பசியோடு வந்த சிவனடியாருக்குச் சோறு ஆயத்தமாகிக் கறி ஆகாதிருந்த நிலையில், கணவர் அனுப்பிய மாங்கனிகளுள் ஒன்றை அம்மையார் படைக்கிறார். அங்கே சோறு 'திருவமுது', கறி 'கறியமுது'. ஆனி முழுநிலவையொட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில் அமுது படைக்கும் நிகழ்ச்சி இன்றும் அதே பெயராலேயே வழங்குகிறது.

இச்சொற்களின் இடத்தை லஞ்சும் டின்னரும் பிடித்துவரும் நிலையில், வீட்டு முதியோர் ஒவ்வொரு வேளையையும் என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பதை இளையோர் கேட்டு எழுதிவைப்பது நல்லது. அவற்றுள் பசியாறுதலுக்குக் கடல் தாண்டியும் வாழ்வுண்டு: மலேசியத் தமிழர் காலை உணவை இன்றும் 'பசியாறல்' என்றே சொல்கின்றனர்.