யார் செய்த பாவம்?

உடல் குறைபாட்டோடு ஒரு குழந்தையைக் கண்டால், பெற்றோர் செய்த பாவமோ, தலைவிதியோ என்று பேசுவோர் இன்றும் நம்மிடையே உண்டு. பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரைக் கண்டபோது சீடர்களும் இயேசுவிடம் இப்படித்தான் கேட்டார்கள் (யோவா 9). பாவம் காரணமல்ல என்பதே அவரது பதில். அப்படியானால், தடுக்கக்கூடிய குறைபாடுகள் ஏழைகளின் வீடுகளையே அதிகம் தேடிச் செல்வது ஏன்?

இளம்பிள்ளைவாதத்தையே எடுத்துக்கொள்வோம். இந்நோயின் கிருமி மலம் கலந்த நீர், உணவு வழியாகப் பரவி, சில குழந்தைகளின் கைகால்களை முடக்கிவிடுகிறது. 2009ஆம் ஆண்டில் இந்தியாவில் 741 பேர் இந்நோய்க்கு ஆளானார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் உத்தரப்பிரதேசத்தையும் பீகாரையும் சேர்ந்தவர்கள். அங்கே நெருக்கமான குடியிருப்புகள், கழிப்பறை இல்லை, நல்ல குடிநீர் இல்லை. அடிக்கடி வந்த வயிற்றுப்போக்கினால், கொடுத்த சொட்டு மருந்துகூடச் சரிவரப் பலன் தரவில்லை.

எனவே பணியாளர்கள் வீடு வீடாகவும், செங்கற்சூளைகளுக்கும், பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்வோரிடமும் திரும்பத் திரும்பச் சென்று மருந்து கொடுத்தார்கள். தூய்மை, குடிநீர், வயிற்றுப்போக்குத் தடுப்பு ஆகியவற்றிலும் கவனம் செலுத்தப்பட்டது. 2011 சனவரியில் மேற்கு வங்காளத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமியோடு இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியின் பாதிப்பு நின்றது. 2014 மார்ச்சில் நம் நாடு போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. விதி என்று எண்ணப்பட்டதை மனித முயற்சி மாற்றியது.

பார்வை இழப்பிலும் இதே உண்மையைக் காண்கிறோம். கீரை, பால், முட்டை போன்றவை போதிய அளவு கிடைக்காத குழந்தைகளுக்கு வைட்டமின் 'ஏ' குறைகிறது. முதலில் மாலைக்கண், கவனிக்காவிட்டால் நிரந்தரப் பார்வையிழப்பு.

வறுமை குறைபாட்டைத் தருகிறது. குறைபாடு வறுமையை மேலும் வளர்க்கிறது. மருத்துவச் செலவு கடனாகிறது. உடனிருந்து கவனிப்பவரின் கூலி போகிறது. குழந்தையின் படிப்பும் நிற்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். அவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 45 பேர் எழுத்தறிவு பெறாதவர்கள்.

ஆகவே, யார் செய்த பாவம் என்று கேட்பதை விடுவோம். நம் பங்கில் எந்தத் தெருவுக்கு நல்ல தண்ணீர் வரவில்லை? எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி போடவில்லை? எந்தக் கர்ப்பிணித் தாய்க்குச் சத்துணவு இல்லை? படிகளைத் தாண்டி ஆலயத்திற்குள் வர முடியாமல் வீட்டிலேயே இருப்பவர் யார்? இக்கேள்விகளுக்குப் பதில் தேடுவது நம் அனைவரின் பொறுப்பு. சிந்திப்போம், செயல்படுவோம்.