பட்டைப் பேனாவும் 30 பாகையும்

விருப்பமான குறள் ஒன்றை அழகாக எழுதிச் சுவரில் மாட்ட எண்ணுகிறீர்களா? சாதாரணப் பேனாவில் கோடுகள் யாவும் ஒரே தடிப்பில் அமையும். தட்டையான முனையுள்ள பட்டைப் பேனாவால் எழுதிப் பாருங்கள். தடித்த கோடும் மெல்லிய கோடும் தாமாகவே மாறி மாறி வரும். அழுத்தி எழுதத் தேவையில்லை. எல்லாம் கோணத்தின் வேலை!

முனையின் அகலம் 4 மி.மீ. என்று கொள்வோம். முனையின் விளிம்பு கிடைக்கோட்டுடன் 30 பாகைக் கோணம் அமைக்குமாறு பிடித்து, 'ட' எழுதுங்கள். கீழ்நோக்கி இழுத்த கோடு ஏறத்தாழ 3.5 மி.மீ. தடிப்பாகவும், பக்கவாட்டில் இழுத்தது 2 மி.மீ. ஆகவும் இருக்கும். விளிம்பின் திசையிலேயே இழுத்தால் மயிரிழைதான்! வளைவுகள் நிறைந்த 'ழ'வில் தடிப்பு படிப்படியாகக் கூடிக் குறைவது இன்னும் அழகு. குறள் முடியும்வரை கோணம் மாறக்கூடாது, கடினமே அதில்தான். லண்டனில் இக்கலையைப் பயிற்றுவித்த எட்வர்டு ஜான்ஸ்டன், 1906இல் வெளியிட்ட நூலின் மூலம் இதற்குப் புத்துயிர் அளித்தார்.

முனையின் பிளவில் மை தங்கி இறங்குவது தந்துகிக் கவர்ச்சியால். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் அப்படியே. மட்டமான தாளில் மை ஊறிப் பரவுவதற்கும் அதுவே காரணம். நார்களின் இடைவெளிகள் மையை இழுத்துக்கொள்கின்றன. ஆகவே பசையூட்டிய வழவழப்பான வரைதாளையே வாங்குங்கள்.

மையிலும் கவனம் தேவை. சாயம் கரைத்த பேனா மைகள் பல வெயிலில் வெளுத்துவிடும். இந்தியன் இங்க்கில் இருப்பதோ புகைக்கரித் துகள். அது ஒளிக்கு மங்காது. ஆனால் அதை உங்கள் ஊற்றுப் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், உலர்ந்து அடைத்துக்கொள்ளும்.