பழைய வண்டியின் எஞ்சினில் எழும் தட்டொலி

கிராமப் பணிக்கெனப் பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த ஜீப் வண்டி மேடேறும்போது, தகர டப்பாவில் கோலிக்குண்டுகளை இட்டுக் குலுக்கினாற்போன்ற ஒலி எழுவதுண்டு. இது தேய்ந்த உறுப்புகள் மோதுவதால் எழுவதன்று. ஸ்பார்க் பிளக்கினால் பற்றிய சுடர் சிலிண்டரின் கடைக்கோடியை எட்டுமுன்பே, அங்கு எஞ்சியுள்ள கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே ஒருசேரப் பற்றிவிடுகிறது. அதனால் பிறக்கும் அழுத்த அலை சிலிண்டர்ச் சுவரைத் தாக்குவதே அவ்வொலி.

இதற்குப் பெட்ரோலைக் குறைகூறுவது வழக்கம். ஒரு காலத்தில் அதில் நியாயமும் இருந்தது. தட்டொலியை அடக்க டெட்ரா எதில் ஈயம் உதவும் என்பதை 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தார். அந்நச்சுப்பொருள் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில்தான் இந்தியா முழுவதும் விலக்கப்பெற்றது. ஆயின் மகிந்திரா சிஜே-3பி ஜீப்பின் நான்கு சிலிண்டர் எஞ்சினில் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7-க்கு 1 மட்டுமே. இன்றைய சாதாரண பெட்ரோல் அதற்குத் தாராளமாகப் போதும். ஆதலின் அவ்வெஞ்சின் தட்டுமாயின், பொறி எழும் நேரம் முற்பட்டிருக்கலாம், கரி படிந்திருக்கலாம், ரேடியேட்டர் அடைபட்டு எஞ்சின் மிகச் சூடேறியிருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டரைச் சிறிது திருப்பிப் பொறியைப் பிற்படுத்தியதும் ஒலி அடங்கினால் காரணம் விளங்கிவிடும்.

வால்வுப் பக்கத்திலிருந்து மெல்லிய 'டிக், டிக்' ஒலி கேட்பின் டாப்பெட் இடைவெளி கூடியுள்ளது எனக் கொள்ளலாம். கேம் ஷாஃப்ட் எஞ்சினின் பாதி வேகத்தில் சுழல்வதால் இவ்வொலியும் அவ்வளவு மெதுவாகவே வரும். இதற்காகப் பயணத்தை நிறுத்த வேண்டுவதில்லை.

அஞ்சத்தக்கது, எஞ்சினின் அடியிலிருந்து உலக்கை இடிப்பதுபோல் வரும் கனத்த ஒலியே. எண்ணெய் அழுத்தமானியின் முள்ளும் தாழ்ந்திருப்பின் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்துள்ளது என ஐயுற வேண்டும். எச்சிலிண்டர் என அறிய ஒரு பழைய முறை உண்டு. உலர்ந்த மரப்பிடி கொண்ட ஸ்குரூ டிரைவரின் தண்டை முதலில் எஞ்சின் உடலில் ஊன்றி, பின்னர் அதன் நுனியை ஒரு பிளக்கின் முனையில் தொடச் செய்தால், அச்சிலிண்டரில் பொறி எழாது. ஒவ்வொன்றாக இவ்வாறு செய்துவர, எப்பிளக்கை அடைக்கும்போது இடியொலி தணிகிறதோ அச்சிலிண்டரிலேயே பழுது உளது. மின்னணுப் பற்றவைப்பு அமைந்த புதிய வண்டிகளில் இதனைச் செய்யலாகாது, கருவிகள் கெடும்.

கெட்டியான எண்ணெய் ஊற்றினால் அவ்வொலி குறையும், தேய்வு குறையாது. பழைய வண்டி விற்போருக்கு இது நன்கு தெரியும். அந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் ராடு முறிந்து எஞ்சின் பிளாக்கையே துளைத்து வெளிவரக்கூடும். பணிமனை பத்து மைலில் இருப்பினும் வண்டியை நிறுத்திக் கட்டி இழுத்துச் செல்ல வேண்டும்.