குளமும் நீருரிமையும்: துணுக்காயை முன்வைத்துச் சில கருத்துகள்

வன்னிப் பெருநிலத்தில் நீருரிமை பற்றிய வினா எழும்போது நாம் முதலில் நோக்க வேண்டியது குளத்தையே. துணுக்காய்க்குத் தென்கிழக்கே பாலியாற்றை மறித்து நிற்கும் வவுனிக்குளமும், இப்பகுதியின் சிறுகுளங்களும் இயற்கையின் கொடைகளல்ல. மனித உழைப்பின் ஆக்கங்கள். கட்டுக்கு மண் போடுதல், துருசைப் பேணுதல், வாய்க்கால் துப்புரவாக்குதல் ஆகிய கூட்டு உழைப்பே நீரைப் பொதுச்சொத்தாக்கியது. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைக் குளத்து நீரின் அளவுகொண்டு கமக்காரர் கூடித் தீர்மானிக்கும் வழக்கம் இதன் வெளிப்பாடாகும்.

நமது இலக்கியம் இவ்வுழைப்பை எங்ஙனம் நோக்கிற்று? புறநானூற்றின் 18 ஆம் பாடலில் குடபுலவியனார், பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை அமைக்குமாறு அறிவுறுத்துகிறார். நீரே உற்பத்தியின் அடித்தளம் என்பதைப் புலவர் தெளிவாக உணர்ந்துள்ளார். ஆயினும் புகழ் அரசனுக்கு உரியதாகின்றது. மண் சுமந்தோர் பாடலுக்கு வெளியே நிற்கின்றனர்.

அரசனின் இடத்தில் இன்று அரசு நிற்கின்றது. இலங்கையின் 1992 ஆம் ஆண்டு 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டம் கனியங்களைக் குடியரசின் உடைமையாக்கியது. ஆற்றுமணல் அகழ்வுக்கான அனுமதியைப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம் வழங்குகின்றது. சட்டத்திற்கு மணல் ஒரு பண்டம். கமக்காரனுக்கோ அது நீரைத் தேக்கிவைக்கும் படுகை. அப்படுகை தாழ்ந்தால் அயற்கிணறுகளின் நீர்மட்டமும் தாழும், ஆற்றங்கரை இடியும்.

இம்முரண்பாடு வன்னிக்கு மட்டும் உரியதன்று. மதுரை மாவட்டத்து மேலூரை அடுத்த அரிட்டாபட்டியில் அது வெளிப்படையான போராட்டமாயிற்று. 2023 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், டங்ஸ்டன் உள்ளிட்ட முக்கிய கனியங்களை ஏலமிடும் அதிகாரத்தை இந்திய நடுவண் அரசிடம் குவித்தது. 2024 நவம்பரில் சுமார் 2,015 ஹெக்டயர் நிலம் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்திற்கு எனத் தெரிவாயிற்று. ஏரிகளும் சுனைகளும் நிறைந்த அந்நிலத்தின் ஒரு பகுதி, 2022 இல் உயிர்ப்பல்வகைமை மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9 இல் தமிழகச் சட்டமன்றமும் அவ்வாறே செய்தது. 2025 ஜனவரி 7 இல் ஆயிரக்கணக்கானோர் மேலூரிலிருந்து மதுரை நோக்கி அணிவகுத்தனர். ஜனவரி 23 இல் ஏலம் இரத்தாயிற்று.

இவ்வெற்றி பெரிது. எனினும் ஏலம் இரத்தாயிற்றேயன்றி, அதற்கு இடமளித்த அதிகாரம் மாறவில்லை என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். நிலத்தின்கீழ் உள்ளது அரசுக்கு உரியது என்னும் கோட்பாடு நீடிக்கும்வரை, குளத்தைக் காத்தோரின் உரிமை ஒவ்வொரு முறையும் தெருவில் நின்று நிறுவப்பட வேண்டியதாகவே இருக்கும்.

வன்னிக்கு இதில் மேலுமொரு பாடமுண்டு. நீருரிமையை வயலுடைமையோடு மட்டும் பிணைப்பின், 1977 இன் வன்செயலுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வந்து இங்கு கூலியுழைப்பில் வாழ்ந்த காணியற்றோர் அவ்வுரிமைக்குப் புறம்பானோர் ஆவர். மணல் ஏற்றும் கூலியாளைப் பகைவனாகக் கொள்ளும் இயக்கம் தன் அணியைத் தானே பிளந்துகொள்ளும். அவனது கிணறும் அதே ஆற்றையே நம்பியுள்ளது. நீருரிமையின் அடிப்படை காணி உறுதியன்று, உழைப்பே என்று கொள்ளும்போதுதான் காணியுள்ளோரும் அற்றோரும் ஓரணியில் நிற்றல் இயலும்.