பவுன் காசை விற்குமுன் கணக்குப் போடுங்கள்

நாற்று பறிக்கத் தயாராக நிற்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நடவு ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். அடியுரம் வாங்க வேண்டும். கையிலோ பணம் இல்லை. இந்த நிலையில் பல சிறு விவசாயிகளின் வீட்டில் கடைசியாகத் திறக்கப்படுவது பரண்மேல் இருக்கும் பெட்டிதான். தாயார் கல்யாணத்தின்போது கொடுத்த ஒரு பவுன் காசோ, நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் மகளுக்கென்று வாங்கி வைத்த தங்கக் காசோ அதில் இருக்கும்.

நெல்லை விற்கும்போது ஈரப்பதம் எவ்வளவு, மூட்டைக்கு எடை எவ்வளவு என்று கேட்கும் அதே விவசாயி, தங்கக் காசை விற்கும்போது கடைக்காரர் சொல்லும் தொகையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார். அவசரமும் கூச்சமும் அதற்குக் காரணம். ஒரு காசில் ஏமாந்தால் ஓர் ஏக்கர் நடவுக் கூலியே போய்விடும். தங்கக் காசின் மதிப்பை எடை, மாற்று, அன்றைய விலை ஆகிய மூன்றையும் கொண்டு வீட்டுத் திண்ணையிலேயே கணக்கிட்டுவிடலாம்.

சவரன் என்பது என்ன?

நகைக்கடையில் சவரன் அல்லது பவுன் என்றால் 8 கிராம். ஆனால் இந்தப் பெயர்கள் பிரிட்டிஷ் தங்க நாணயத்திலிருந்து வந்தவை. அந்த நாணயத்தின் பெயர் ‘சாவரின்’. அதன் முகமதிப்பு ஒரு ‘பவுண்டு’. இன்று வழங்கும் வடிவில் அது 1817-ல் வெளிவந்தது. ஒரு பக்கம் அரசர் அல்லது அரசியின் தலை. மறுபக்கம் குதிரைமேல் அமர்ந்து பறவைநாகத்தைக் கொல்லும் வீரர் ஜார்ஜ். விக்டோரியா காலத்துக் காசுகள் சிலவற்றில் வீரருக்குப் பதிலாகக் கேடயம் இருக்கும். இந்தியாவில் 1899-ல் இது 15 ரூபாய்க்குச் செல்லுபடியாகும் நாணயமாகச் சட்டப்படி ஏற்கப்பட்டது. நம் ஊர் வீடுகளில் இன்னும் இருக்கும் பழைய பவுன் காசுகளில் பல அந்தக் காலத்தில் வந்தவையே.

இந்த நாணயத்தின் எடை சரியாக 8 கிராம் அன்று, 7.988 கிராம். மாற்று 22 காரட். குறுக்களவு ஏறக்குறைய 22 மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் 7.322 கிராம். ஆகவே தராசில் 7.98 காட்டினால் ‘காசு தேய்ந்துவிட்டது’ என்று யாரும் சொல்ல முடியாது. பிறந்த எடையே அதுதான். அரைப் பவுன் காசு இதில் சரிபாதி.

மூன்று வகைக் காசுகள்

கிராமத்து வீடுகளில் உள்ள காசுகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, மேலே சொன்ன பழைய பவுன் காசு. இது 22 காரட்.

இரண்டாவது, வங்கிகளும் நகைக்கடைகளும் அட்டை உறையில் அடைத்து விற்ற காசு. இவை பெரும்பாலும் 24 காரட். உறையின் மீதோ காசின் மீதோ 999 அல்லது 995 என்று பொறித்திருக்கும். ஆயிரம் பங்கில் அத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்பது அதன் பொருள். 916 என்றிருந்தால் அது 22 காரட்.

மூன்றாவது, ஊர்ப் பத்தர் செய்து கொடுத்த லட்சுமி காசு, காசுமாலைக் காசு போன்றவை. இவற்றின் மாற்று இன்னதென்று பார்வையால் சொல்ல முடியாது. சோதித்தே அறிய வேண்டும். மாலையில் கோப்பதற்காக வளையம் பற்ற வைத்திருந்தால், அந்தப் பற்றாசின் மாற்று குறைவாக இருக்கும்.

கணக்கு இதுதான்

கணக்குக்காக மட்டும், 24 காரட் தங்கம் கிராம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். 24 பங்கில் 22 பங்கு தங்கம் உள்ளது 22 காரட். எனவே அதன் விலை கிராமுக்கு 11,000 ரூபாய்.

பழைய பவுன் காசு: 7.988 கிராமை 11,000-ஆல் பெருக்கினால் 87,868 ரூபாய்.

வங்கியில் வாங்கிய 8 கிராம் 24 காரட் காசு: 8 கிராமை 12,000-ஆல் பெருக்கினால் 96,000 ரூபாய். 999 மாற்று என்பதால் இதில் நூறு ரூபாய்க்குள் குறையும்.

இரண்டும் ‘ஒரு பவுன் காசு’ என்றே வீட்டில் சொல்லப்படுகின்றன. ஆனால் இடையே ஏறத்தாழ 8,000 ரூபாய் வேறுபாடு! 24 காரட் காசைக் கொண்டுபோய் ஆபரணத் தங்க விலைக்குக் கொடுத்துவிட்டு வருபவர் இந்த 8,000 ரூபாயைத்தான் கடையில் விட்டுவிட்டு வருகிறார். நாளிதழ்களில் பெரிய எழுத்தில் வரும் சவரன் விலை 22 காரட்டுக்கு உரியது என்பதை நினைவில் வைக்க வேண்டும். 24 காரட் விலையைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

விற்கப் போகும் அன்று காலை விலையைக் குறித்துக்கொண்டு, மேலே சொன்னபடி ஒரு துண்டுக் காகிதத்தில் பெருக்கி எடுத்துச் செல்வது நல்லது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒரு நிமிடத்தில் போட்டுத் தருகிற கணக்கு இது.

கழிவு எதற்கு?

கடைக்காரர் அன்றைய விலை முழுவதையும் தரமாட்டார். அவருக்கும் லாபம் வேண்டும். சிறிது குறைப்பது வழக்கம். ஆனால் எவ்வளவு, எதற்காக என்பதைக் கேட்க வேண்டும். நகை என்றால் கல் உண்டு, அரக்கு உண்டு, பற்று உண்டு, அழுக்கு உண்டு. அவற்றுக்காகக் கழிப்பதில் நியாயம் இருக்கலாம். வளையம் வைக்காத வெறும் காசில் இவை எதுவுமே இல்லை. நகைக்குக் கழிக்கும் அதே விகிதத்தில் காசுக்கும் கழித்தால், காரணம் கேட்பது விற்பவரின் உரிமை. மேலே சொன்ன பவுன் காசில் நூற்றுக்கு 5 கழித்தால் 4,393 ரூபாய் போய்விடும்.

“ஐயா, எடை எவ்வளவு, மாற்று எவ்வளவு, கிராமுக்கு என்ன விலை போடுகிறீர்கள்? மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டாலே போதும், பேச்சின் போக்கு மாறிவிடும். ஒரே நாளில் மூன்று கடைகளில் கேட்க வேண்டும். சில கடைகள் புது நகை எடுத்தால் ஒரு விலையும், ரொக்கமாகக் கேட்டால் அதைவிடக் குறைந்த விலையும் சொல்லும். ஆகவே ‘கையில் எவ்வளவு தருவீர்கள்?’ என்பதே கேள்வியாக இருக்கட்டும்.

வாங்கும்போது கட்டிய 3 சதவீத ஜி.எஸ்.டி. வரியும், காசு அடித்த கூலியும் விற்கும்போது திரும்பி வராது. அதே சமயம், வீட்டுத் தங்கத்தை விற்கும் தனி நபரிடம் ஜி.எஸ்.டி. என்று சொல்லிப் பிடிப்பதற்கும் இடமில்லை. வங்கியில் வாங்கிய காசை அந்த வங்கியே திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று நம்பிப் போனாலும் ஏமாற்றமே மிஞ்சும். வங்கிகள் காசை விற்குமே தவிர, திரும்ப வாங்குவதில்லை.

அசலா, போலியா?

பழைய பவுன் காசில் போலிகள் உண்டு. முதல் சோதனை எடை. தங்கம் கனமான உலோகம். அதே பருமனில் பித்தளையில் செய்த காசு ஏறக்குறைய பாதி எடைதான் இருக்கும். இந்தக் காசு புழக்கத்தில் தேய்ந்து 7.94 கிராமுக்குக் கீழே போனால் பிரிட்டனில் அந்நாளில் செல்லாது. எனவே தராசு 7.5 அல்லது 7 கிராம் காட்டினால் காசைச் சந்தேகிக்க வேண்டும். அல்லது தராசைச் சந்தேகிக்க வேண்டும். வேறொரு கடையில், முத்திரையிட்ட தராசில் நிறுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

காந்தத்தைக் காட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. தங்கத்தைப் போலவே செம்பும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. உரைகல்லும் கதிர் பாய்ச்சும் கருவியும் மேற்பரப்பின் மாற்றைக் காட்டும். கனமாக முலாம் பூசிய காசு இவற்றை ஏமாற்றக் கூடும். ஆகையால் எடை, குறுக்களவு, மாற்று ஆகிய மூன்றும் பொருந்தி வர வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் அங்கீகரித்த ஹால்மார்க் மையத்தில் கட்டணம் செலுத்தி மாற்றைச் சோதித்து, எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

‘உருக்கிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்’ என்று சொல்லும் இடத்தில் காசைக் கொடுக்கக் கூடாது. உருக்கிவிட்டால் அது காசு அன்று. பெயர் தெரியாத ஒரு தங்கத் துண்டு. பேரம் படியாவிட்டால் திரும்ப எடுத்து வரவும் மனம் வராது.

தங்கத்தைவிட அதிகம் பெறும் காசுகள்

சில காசுகளுக்கு உலோக விலைக்கு மேலும் மதிப்பு உண்டு. பம்பாய் நாணயச் சாலை 1918-ஆம் ஆண்டுக்கென அடித்த சாவரின்களில், ஆண்டு எண்ணுக்குச் சற்று மேலே தரைக்கோட்டில் ஆங்கில ‘ஐ’ எழுத்து சிறிதாக இருக்கும். 1917-ல் லண்டனில் அடித்த காசு, எழுத்தடையாளம் இல்லாதது, மிக அரிது. அதனாலேயே அதற்குப் போலிகளும் அதிகம். அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவில் அடித்தவை சாதாரணமானவை. நம் வீட்டுக் காசுகளில் பெரும்பாலானவை தங்க விலைக்கே போகக் கூடியவை என்பதால் பெரிய ஆசை வேண்டாம். ஆனால் ஆண்டையும் எழுத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காமல் விற்பதும் சரியல்ல. சந்தேகம் இருந்தால் நாணயம் சேகரிப்போரிடம் காட்டலாம்.

அதுவரை காசைப் புளியும் பூந்திக்கொட்டையும் போட்டுத் தேய்க்கக் கூடாது. பளபளப்பு ஏறும், சேகரிப்போரிடம் மதிப்பு இறங்கும். உறையில் உள்ள காசாக இருந்தால் உறையைப் பிரிக்கக் கூடாது. ரசீதையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

ஒளித்து விற்க வேண்டாம்

‘காசு வைத்திருந்தால் கேள்வி வரும்’ என்ற பயம் வயதானவர்களிடம் இன்னும் இருக்கிறது. 1968-ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் விட்டுச்சென்ற பயம் அது. அந்தச் சட்டம் 1990-ல் நீக்கப்பட்டுவிட்டது. பயந்து, இருட்டில், தெரிந்த ஒருவரிடம் ரசீது இல்லாமல் விற்பதால்தான் நஷ்டம். ரசீது பெற்று, பணத்தை வங்கிக் கணக்கில் வாங்குவதே பாதுகாப்பு.

ஆனால் உழும்போது மண்ணில் கிடைத்த காசு வேறு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அதை எழுத்து மூலம் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், தண்டனையும் வரும்.

விற்கத்தான் வேண்டுமா?

ஒரு போகத்துக்கு மட்டும் பணம் தேவை என்றால், விற்பதற்கு முன் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் வங்கியிலும் அடகைப் பற்றி விசாரிக்கலாம். தங்கக் கட்டிக்கு வங்கிகள் கடன் தருவதில்லை. காசுகளைப் பொறுத்தவரை ஒருவருக்கு மொத்தம் 50 கிராம் என ரிசர்வ் வங்கி வரம்பு வைத்துள்ளது. பழைய பவுன் காசை ஏற்பார்களா என்பதை முன்னதாகவே கிளையில் கேட்டுக்கொள்ள வேண்டும். வட்டியையும் கெடுவையும் பார்த்து, அறுவடையில் மீட்க முடியும் என்றால் அடகு; முடியாது என்றால் விற்பனை.

எதுவானாலும், காசைக் கல்லாவின் மேல் வைப்பதற்கு முன் அதன் மதிப்பு விவசாயிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரர் சொல்லும் தொகை தன் காகிதத்தில் உள்ள தொகைக்குப் பக்கத்தில் வராவிட்டால், காசை எடுத்து மடியில் முடிந்துகொண்டு அடுத்த கடைக்கு நடக்கலாம். நெல்லைப் போல அது மழையில் முளைத்துவிடாது. ஒரு நாள் பொறுத்தாலும் கெட்டுவிடாது.