மோட்டார் வண்டியும் கம்பெனி எண்ணெயும்



மோட்டார் காரை வாங்குவதற்கு ஒரு விலை உண்டு. வாங்கிய பின் அதைப் பேணிக் காப்பதற்கு மற்றொரு விலை உண்டு. முதல் விலையைப் பல கடை ஏறி இறங்கி, பேரம் பேசி, நன்றாக யோசித்த பிறகே கொடுக்கிறோம். இரண்டாவது விலையையோ, ஆண்டுக்கு ஓரிரு முறை, நீட்டிய காகிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வருகிறோம். யானையை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசிக்கலாமா என்று நம்மவர் கேட்பதுண்டு. அங்குசத்தை யானையை விற்றவரிடமே, அவர் சொன்ன விலைக்கே வாங்க வேண்டும் என்றால் சற்று யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

நான் தொழிற்பயிற்சி மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் மோட்டார் இயந்திரப் பாடம் சொன்னவன். அதனால் புதுச்சேரியில் தெரிந்தவர்கள் பலர் சர்வீஸ் பில்லை என்னிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், சிறு கடைக்காரர்கள், வெளியூரிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்று பிழைக்கும் டாக்சிக்காரர்கள் முதலியோர் அவர்கள். கார் இவர்களுக்கு ஆடம்பரப் பொருள் அன்று. அதிலும் டாக்சிக்காரருக்கு வண்டி நின்றால் அடுப்பு நின்றுவிடும். அவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே: “வெளியே ஆயில் மாற்றினால் வாரண்டி போய்விடும் என்கிறார்களே, ஐயா, அது உண்மையா?” இந்தக் கேள்விக்கு விடை சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் காரினுள் என்னென்ன திரவங்கள் இருக்கின்றன என்று பார்ப்போம். இயந்திரத்தின் உராய்வைத் தணித்து, சூட்டை அகற்றி, கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்வது இன்ஜின் ஆயில். பற்சக்கரங்களுக்கு உரியது கியர் ஆயில். நம் காலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு சேர்ப்பது பிரேக் ஆயில். ரேடியேட்டரில் ஓடிச் சூட்டைக் கடத்துவது கூலண்ட். அண்மைக்கால டீசல் வண்டிகள் சிலவற்றில் புகையைத் தூய்மை செய்ய யூரியாக் கரைசல் ஒன்றும் உண்டு. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வேலையைச் செய்பவை. ஆகவே, வண்டியைச் செய்தவர் ‘இன்ன திரவந்தான் ஊற்ற வேண்டும்’ என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அந்த நியாயத்துக்குப் பிரெஞ்சு நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். சித்ரோயன் நிறுவனம் 1955ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ‘டி.எஸ்.’ என்னும் காரை அறிமுகம் செய்தது. அதன் தாங்கு அமைப்பும் பிரேக்கும் ஒரே திரவத்தின் அழுத்தத்தால் இயங்கின. தொடக்கத்தில் பயன்படுத்திய திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, உள்ளிருந்த பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்தது. எனவே 1960களின் நடுவில் அந்நிறுவனம் ‘எல்.எச்.எம்.’ என்னும் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறியது. பச்சை எண்ணெய்க்கென அமைந்த வண்டியில் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் அடைப்புகள் ஊதிக் கெட்டுவிடும். பழைய வண்டியில் பச்சையை ஊற்றினாலும் அதே கதிதான். இங்கே நிறுவனத்தின் சொல்லை மீறுவது தைரியம் ஆகாது. வண்டியைக் கெடுப்பதே ஆகும்.

இன்றைய வண்டிகளிலும் இத்தகைய கட்டாயங்கள் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி அமலுக்கு வந்தபின், டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி அமைக்கப்படுகிறது. எரிந்தபின் சாம்பல் மிகுதியாக விடும் எண்ணெயை அவ்வண்டிக்கு ஊற்றினால், அச்சாம்பல் நாளடைவில் வடிகட்டியை அடைத்துவிடும். வடிகட்டியின் விலையோ பல ஆண்டு எண்ணெய்ச் செலவை விழுங்கக்கூடியது. தானியங்கிக் கியர்ப் பெட்டிக்கும் அப்படியே, அதற்கென்று வகுத்த எண்ணெய்தான் வேண்டும்.

அப்படியானால் ஷோரூம்காரர் சொல்வதெல்லாம் சரிதானா என்று கேட்பீர்கள். இங்கேதான் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று தகுதி எண். மற்றொன்று டப்பாவின் மேல் இருக்கும் பெயர். இயந்திரம் கேட்பது தகுதி எண்ணை மாத்திரமே. டப்பாவின் மேல் யார் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது என்பது இயந்திரத்துக்குத் தெரியாது.

தகுதி எண் என்றால் என்ன? காரோடு தரும் கையேட்டைப் புரட்டினால் ‘5டபிள்யூ-30’ என்பதுபோல ஒரு குறி இருக்கும். இது எஸ்.ஏ.இ. என்னும் அமெரிக்கப் பொறியாளர் சங்கம் வகுத்த பிசுபிசுப்பு அளவு. முன் எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதைக் குறிப்பது. பின் எண், இயந்திரம் சூடேறிய பிறகு எவ்வளவு அடர்த்தியாக நிற்கும் என்பதைக் குறிப்பது. இதனுடன் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ‘ஏ.பி.ஐ.’ குறியோ, ஐரோப்பிய மோட்டார் உற்பத்தியாளர் சங்கத்தின் ‘ஏ.சி.இ.ஏ.’ குறியோ இருக்கும். இவற்றுக்கும் மேலாகச் சில நிறுவனங்கள் தமக்கென்று தனிக் குறி வைத்திருக்கின்றன. ரெனோவின் குறி ‘ஆர்.என்.’ என்று தொடங்கும். வோக்ஸ்வாகனுக்கு 504, 507 போன்ற எண்கள். இத்தனிக் குறிகளையும் பல எண்ணெய் நிறுவனங்கள் சோதனைக்கு உட்பட்டுப் பெற்று, தம் டப்பாவின் பின்புறத்தில் அச்சிட்டு விற்கின்றன. ‘அங்கீகாரம் பெற்றது’ என்று இருப்பதற்கும் ‘ஏற்றது’ என்று மாத்திரம் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. முன்னது கார் நிறுவனம் சோதித்து ஒப்பியது. பின்னது எண்ணெய் விற்பவரே சொல்லிக்கொள்வது.

கார் செய்பவர் எண்ணெய் வடிப்பவர் அல்லர். சென்னை மணலியில் இருப்பதுபோன்ற சுத்திகரிப்பு ஆலைகளில் மசகெண்ணெய்க்கான அடிப்படை எண்ணெய் எடுக்கப்படுகிறது. எண்ணெய் நிறுவனங்கள் அதில் வேதிப்பொருள்களைக் கலந்து விற்பனைக்கு உரிய எண்ணெயாக்குகின்றன. ‘ஜெனுயின் ஆயில்’ என்று கார் நிறுவனத்தின் பெயர் தாங்கி வரும் டப்பாவிலும் ஓர் எண்ணெய் நிறுவனம் கலந்து கொடுத்ததே இருக்கும்.

யூரியாக் கரைசலைப் பாருங்கள். அது 32.5 சதவீதம் யூரியாவும் மீதி தூய நீரும் கலந்தது. ஐ.எஸ்.ஓ. 22241 என்னும் உலகத் தர எண் அதற்கு உண்டு. ‘ஆட்புளூ’ என்பது ஜெர்மன் மோட்டார் தொழில் சங்கத்துக்கு உரிய வணிகப் பெயர். அந்தத் தர எண்ணுக்கு உண்மையாக உட்பட்ட கரைசல் எந்தப் பெயரில் வந்தாலும் ஒன்றே. பிரேக் ஆயிலும் அவ்வாறே. கையேட்டில் ‘டாட் 4’ என்றிருந்தால், புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 டிகிரி வெப்பம் வரையிலாவது கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது பொருள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நம்மைப் போன்ற கடலோர ஊரார் அதை உரிய காலத்தில் மாற்றுவதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மாற்றத்தான் வேண்டும், ஆனால் எங்கே மாற்றுவது என்பது வேறு கேள்வி.

அண்மையில் ஒரு நண்பர் கொண்டுவந்த பில்லைச் சொல்கிறேன். ஷோரூமின் பெயர் வேண்டாம். அவர் வண்டியின் கையேட்டில், பில்டருடன் சேர்த்து எண்ணெய் 3.1 லிட்டர் என்றிருந்தது. பில்லில் 4 லிட்டருக்கு விலை போட்டிருந்தார்கள். மீதி எண்ணெய் அவர் கைக்கு வரவில்லை. அதன் கீழே இன்ஜின் ஃப்ளஷ், டீகார்பனைசிங், ஏ.சி. கிருமி நீக்கம் என்று மூன்று வரிகள். கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் அந்த மூன்றும் இல்லை. பில்லில் கணிசமான பங்கு இந்த நான்கு வரிகளாலேயே வந்தது. எண்ணெயின் தரத்தில் குற்றம் காண இடமில்லை. கேட்காததற்கும் ஊற்றாததற்கும் பணம் வாங்கியதே குற்றம். அவரோ, “வாரண்டி போய்விடும் என்று பயந்து ஒன்றும் கேட்கவில்லை” என்றார்.

அந்தப் பயத்தைப் பற்றி நம் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கேளுங்கள். 2011ஆம் ஆண்டு தனிமனிதர் ஒருவர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் ஒரு முறையீடு செய்தார். சில கார் நிறுவனங்கள் தம் உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் வைத்துக்கொள்கின்றன என்பது அதன் சாரம். விசாரணை பிற நிறுவனங்களுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்டு 25 அன்று ஆணையம் தன் முடிவை அறிவித்தது. மாருதி சுசுகி, டாட்டா, மகிந்திரா, டொயோட்டா, ஹோண்டா உள்ளிட்ட 14 நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய்க்கு ஏறத்தாழ 420 கோடி ரூபாய் விதிக்கப்பட்டது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஃபோர்டு, டொயோட்டா, நிசான் ஆகியவற்றின் வழக்கில், சட்டம் மீறப்பட்டது என்ற முடிவை ஏற்றுக்கொண்டது. வழக்கின் கிளைகள் பின்னும் நீண்டன.

ஆணையத்தின் வாதம் எளியது. கார் வாங்கும்போது நமக்குப் பல நிறுவனங்கள் உண்டு. ஒருவர் விலையை ஏற்றினால் மற்றொருவரிடம் போகலாம். வாங்கியபின் அந்த வண்டிக்குரிய பாகத்துக்கு ஒருவரே விற்பனையாளர் என்றால், அந்தச் சிறு சந்தையில் அவரே ஏகபோக அரசர். தடி ஒருவர் கையிலும் முதுகு மற்றொருவரிடத்திலும் இருந்தால் அதை வியாபாரம் என்று சொல்ல முடியுமா?

நமக்கு மிகவும் பயன்படுவது அவ்வாணையின் மற்றொரு பகுதி. தனிப் பட்டறையில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் பொது நிபந்தனை கூடாது என்று ஆணையம் கட்டளையிட்டது. வெளியில் செய்த தவறான வேலையால் கேடு வந்திருந்தால், அக்கேட்டின் அளவுக்கு மாத்திரம் வாரண்டியை மறுக்கலாம். அமெரிக்கா 1975ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, குறிப்பிட்ட பெயருடைய பொருளையே வாங்க வேண்டும் என்று வாரண்டியோடு முடிச்சுப் போடுவதைப் பொதுவாகத் தடை செய்துவிட்டது. நம் வழக்கு உதிரிபாகங்களை ஒட்டி எழுந்ததே. ஆயினும் அதன் கொள்கை எண்ணெய்க்கும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

இதிலிருந்து, எந்த எண்ணெயையும் எங்கும் ஊற்றலாம் என்று பொருள் கொள்ளலாகாது. தகுதி எண்ணை மீறி ஊற்றியதால் இயந்திரம் கெட்டால், நிறுவனம் மறுப்பதற்கு உரிமை உண்டு. தெருமுனைப் பட்டறை எல்லாம் நல்ல பட்டறையும் அன்று. மலிவு என்று போலி எண்ணெயை ஊற்றுகிறவர்களும் உண்டு. மென்பொருள் மாற்றம், காற்றுப்பை, மின்கார்களின் உயர் மின்னழுத்தப் பகுதி, நிறுவனமே திரும்ப அழைத்துச் செய்யும் திருத்தம் ஆகியவற்றுக்கு ஷோரூமே ஏற்ற இடம்.

ஆகவே செய்ய வேண்டியவை சில. கையேட்டைத் திறந்து எண்ணெயின் தகுதி எண், அளவு, மாற்ற வேண்டிய காலம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஷோரூமுக்குப் போனால், வேலைக்கு முன்பே வரிவரியாக மதிப்பீடு கேளுங்கள். அட்டவணையில் இல்லாத வேலையைக் காரணம் கேட்டு, தேவையில்லையென்றால் நீக்கச் சொல்லுங்கள். வெளியே போனால், எண்ணெயை நீங்களே நம்பத்தக்க கடையில் சீல் உடையாத டப்பாவாகப் பில்லோடு வாங்குங்கள்; உங்கள் கண் எதிரே ஊற்றச் செய்யுங்கள். காலி டப்பாவை நசுக்கிப் போடுங்கள். இல்லையேல் அதில் போலி ஏறி மற்றொருவர் வண்டிக்குப் போகும். பட்டறையிலும் தேதி, கிலோமீட்டர், எண்ணெயின் குறி எழுதிய பில் கேட்டு வாங்குங்கள். நாளை தகராறு வந்தால் பேசப்போவது அந்தக் காகிதந்தான்.

அநியாயமாக வாரண்டி மறுக்கப்பட்டால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லில் மிரட்டுகிறவர் பலர் எழுத்தில் தரத் தயங்குவர். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதற்கும் மேலாக, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புதுச்சேரியிலுள்ள நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்குக் கட்டணமும் இல்லை.

அந்த நண்பருக்கும் நான் இதையே சொன்னேன். அடுத்த முறை கையேட்டோடு போனார். மூன்று வரிகளையும் அடிக்கச் சொன்னார். மீதி எண்ணெயைக் கேட்டு வாங்கி வந்தார். வண்டி இப்போதும் அதே ஷோரூமுக்குத்தான் போகிறது. அவர் மாற்றிக்கொண்டது தம் பயத்தை மாத்திரமே.