கொடுப்பில் அடக்கிய புகையிலை

வன்னியில் செத்த வீடு என்றால் பந்தலுக்குக் கீழே வெற்றிலைத் தட்டம் இருக்கும். வெற்றிலை, சீவல் பாக்கு, சுண்ணாம்பு, நறுக்கிய புகையிலை, பக்கத்தில் சில சுருட்டுகள். வந்தவர் எடுத்துப் போடாவிட்டால் வீட்டாரின் மனம் குறைப்படும் என்ற எண்ணம் இன்னும் மறையவில்லை. ஆனால் இலங்கையின் புகையிலைக் கட்டுப்பாடு கடந்த இருபது ஆண்டுகளாகப் பெரும்பாலும் சிகரெட்டையே குறிவைத்து வந்திருக்கிறது. அந்தச் சட்டங்கள் தேவையானவை, பயனும் தந்தவை. எனினும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மக்களின் வாய்க்குள் போகும் புகையிலையில் பெரும்பகுதியை அவை எட்டவில்லை என்பதே இங்கு என் வாதம்.

ஏன் சிகரெட் மட்டும் அகப்பட்டது என்பதற்கு உலக வரலாற்றில் விடை இருக்கிறது. 1881இல் அமெரிக்கரான பொன்சாக் சிகரெட் சுற்றும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கையால் சுற்றிய பொருள் மலிவான ஆலைப் பொருளாகி உலகெங்கும் பரவியது. 1950இல் டோல், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற பிரித்தானிய ஆய்வாளர்கள் புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். அதன் பின்னரும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் கட்டுப்பாட்டுச் சமவாயம் நிறைவேற 2003 வரை ஆனது. இடையிலான அரை நூற்றாண்டைக் கம்பனிகள் சந்தேகத்தைப் பரப்பியே கடத்தின. 2003இலேயே இலங்கை அந்தச் சமவாயத்தில் இணைந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் விளம்பரத்தைத் தடுத்தது, 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும் தடுத்தது. பெட்டியில் 80 வீதம் எச்சரிக்கைப் படம் வேண்டும் என்றபோது இலங்கைப் புகையிலைக் கம்பனி நீதிமன்றம் போய் அளவைக் குறைப்பித்தது. 2015இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி 80 வீதத்தை மீட்டது. நல்ல வெற்றிதான். ஆனால் அது முகவரியும் ஆலையும் கணக்குப் புத்தகமும் உள்ள ஒரு கம்பனிக்கு எதிராகக் கிடைத்த வெற்றி.

போத்தலில் இருந்து எடுத்துக் கடதாசியில் மடித்துக் கொடுக்கும் துண்டுப் புகையிலையில் எச்சரிக்கைப் படத்தை எங்கே அச்சிடுவது? ஒற்றை ஒற்றையாக வாங்கும் பீடிக்காரர் பெட்டியை எப்போது பார்ப்பார்? 2014-15இல் நடந்த தேசிய ஆய்வின்படி இலங்கை ஆண்களில் ஏறத்தாழ 29 வீதத்தினர் புகைப்பவர்கள். மெல்பவர்களும் ஏறத்தாழ 26 வீதம். இந்த நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வயலில் நிற்பவர் புகையிலைத் துண்டைக் கொடுப்புக்குள் அடக்கிவிட்டு மணிக்கணக்கில் வேலை செய்வார். பசியும் களைப்பும் தெரியாது. சாறு ஒரே இடத்தில் ஊறுகிறது. அந்த இடத்தில் முதலில் வெள்ளைத் திட்டு, பிறகு ஆறாத புண். வேறு சிலருக்குப் பாக்கால் கன்னத்தின் உட்புறம் இறுகிப்போய் வாயை இரண்டு விரல் அகலத்துக்கும் திறக்க முடியாது, சோற்றுக் கவளம் உள்ளே போகாது. தொடக்கத்தில் வலி இல்லாததால் மருத்துவரிடம் போவதும் பிந்துகிறது. 2016இல் புகையிலை கலந்த மெல்லும் கலவைகள் தடைசெய்யப்பட்டன. வெற்றிலையோடு வைக்கும் வெறும் புகையிலை இன்னும் கடைகளில் கிடைக்கிறது.

வெற்றிலை போடுவது நம் பண்பாடு, அதில் கைவைப்பதா என்று கேட்பார்கள். வெற்றிலையும் பாக்கும் பழையவைதான். புகையிலையோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் காலத்தில்தான் இந்தக் கரைக்கு வந்தது. அதை எடுத்துவிட்டாலும் தட்டம் தட்டமாகவே இருக்கும். ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்தினால் அது நேர்மையாகாது: பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

இதைவிடக் கனமான கேள்வி பிழைப்பு பற்றியது. திருவாங்கூருக்குக் கப்பலேறிய யாழ்ப்பாணப் புகையிலை வடக்கின் பெருஞ்செல்வமாக இருந்தது. சுருட்டுத் தொழில் பல குடும்பங்களைக் காப்பாற்றியது. செடியை விடு என்று தோட்டக்காரரிடம் வெறுங்கையோடு சொல்வது அநியாயம். 2020க்குள் புகையிலைச் செய்கையே நிறுத்தப்படும் என்று அரசு அறிவித்தது நடக்காமல் போனதில் வியப்பில்லை, மாற்றுப் பயிருக்கான சந்தையை யாரும் காட்டவில்லை. சந்தை இருந்தால் கமக்காரர் மாறுவார் என்பதற்கு வன்னியே சாட்சி. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி மட்டுப்படுத்தப்பட்டபோது விசுவமடு, முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டங்களில் மிளகாய்த் தோட்டங்கள் செழித்தன. விலை கிடைத்தது, செய்தார்கள். மாற்று வாழ்வாதாரத்துக்கு உதவும்படி சமவாயத்தின் 17ஆம் உறுப்புரையும் கேட்கிறது.

பீடிக்கு வரி கூட்டினால் ஏழைக்கு அடி என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் விலை ஏறும்போது முதலில் குறைப்பவரும் கைவிடுபவரும் கையில் காசு குறைந்தவர்களே என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. சிகரெட்டுக்கு மட்டும் வரி கூட்டிப் பீடியை மலிவாக விட்டால் கூலிக்காரர் பீடிக்குத்தான் மாறுவார். இந்தியாவிலிருந்து களவாக வரும் பீடி இலையைக் கடற்படை அடிக்கடி பிடிக்கிறது. அது கரைக் காவலின் பிரச்சினை, வரியைக் குறைவாக வைத்திருப்பதற்குச் சாட்டு அல்ல. ஏழைக்கு உண்மையான அடி நோயில்தான் விழுகிறது. முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். நோயாளியின் கூலியோடு கூடப் போகிறவரின் கூலியும் போகும். ஆகவே பிரதேச சபைகள் மெல்லும் புகையிலை விற்கும் கடைகளைப் பதிந்து அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவரட்டும். சிகரெட்டுக்கு நிகரான வரி பீடிக்கும் சுருட்டுக்கும் வரட்டும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கிளினிக் வருபவரிடம் வாயைத் திறக்கச் சொல்லிக் கொடுப்பின் உட்புறத்தை விளக்கு அடித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். வெள்ளைத் திட்டாக இருக்கும்போதே கண்டால் பலரைக் காப்பாற்றலாம்.